மாமனாரை மறிப்பது எப்படி

என் வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் "சரிங்க" என்று பெயர். வைத்தது என் தம்பி. கல்யாணமான புதிதில் ஒரு நாள் முழுக்க இவர் கூடவே சுற்றிவிட்டு வந்து, "அத்தான் வாயிலேர்ந்து வேற வார்த்தையே வரல அக்கா" என்றான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று சிலரைச் சொல்வார்கள். இவர் வாயில் விரலை வைத்தால், வைத்தவருக்கு விரல் வலிக்கிறதா என்று விசாரிப்பார்.

வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். கண்ணைச் சோதிக்கிறவர் வேறொருவர். இவர் ஃபிரேமை முகத்துக்குப் பொருத்துகிறவர். நேற்று வாங்கிய கண்ணாடி தானாக வளைந்துவிட்டது என்று ஒருவர் வந்து கத்துவார். அவர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பது கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும். "சரிங்க, எங்க மேலதான் தப்பு, உக்காருங்க" என்று சொல்லி, காதுக்கம்பியை இளஞ்சூட்டில் காட்டி மெதுவாக நிமிர்த்திக் கொடுப்பார். கத்தியவர் போகும்போது கைகொடுத்துவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானாக இருந்தால் அந்த ஆளைக் கண்ணாடி மேல் இன்னொரு தடவை உட்கார வைத்துக் காட்டியிருப்பேன். என்னை வீட்டில் "பட்டாசு" என்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பட்டாசுக்கு மருந்து இடித்தவர் என் அப்பா. பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எந்த வழியில், யார் ஓட்டுவது என்று முடிவு செய்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்நூறு ஓட்டுநர்களை அதட்டிப் பழகிய தொண்டை. நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று, இரண்டு மாதத்துக்கு மட்டும் அப்பா வீட்டு மாடிக்கு வந்தோம். ஏழு வருஷம் ஆகிறது. இடித்த இடத்தில் புதுக் கட்டடமே பழசாகிவிட்டது. நாங்கள் கிளம்பலாம் என்று வாயெடுக்கும் போதெல்லாம் அப்பா, "எதுக்கு?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார். இவர் உடனே, "சரிங்க மாமா" என்பார்.

அப்பாவின் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வலப்பக்கம் சரிந்து, இடக் கம்பியில் கறுப்பு டேப் சுற்றி, பல வருஷமாக அப்படியே இருக்கிறது. ஊரார் கண்ணாடியை எல்லாம் நேராக்குகிற மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கிறார்; ஆனால் அப்பா தொடவிட மாட்டார். "மாப்பிள்ளைகிட்ட வேலை வாங்கறது மரியாதை இல்ல" என்பார். அசல் காரணம் எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றினால் அப்பாவுக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. முகம் தெரியாத ஆளை எப்படி அதட்டுவது?

ஓய்வு பெற்ற பிறகு அதட்ட ஆளில்லாமல் அவர் திண்டாடியபோதுதான் என் தம்பி அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். கால்பந்து விளையாட்டு. ஆனால் பந்தை நாம் உதைக்கப் போவதில்லை. நாம் டீமின் மேனேஜர். யாரை எங்கே நிறுத்துவது, எதிர் டீம் ஆட்களை எப்படிச் சமாளிப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம் திரையில் அவர்களே ஓடி விளையாடுவார்கள், நாம் பார்த்து வயிறெரியலாம். அப்பாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி ஆயிற்று. ஒரு மாதத்தில் இவரையும், சித்தப்பாவையும், வேறு ஊரில் வேலை பார்க்கும் தம்பியையும் இழுத்துப் போட்டு ஒரு குடும்ப லீக்கே ஆரம்பித்துவிட்டார்.

விளையாட்டில் வந்த ஆட்டக்காரர்களின் பெயர்கள் அப்பா வாயில் நுழையவில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டார்: அவரவர் டீமில் தெரிந்த மனுஷங்க பெயரைத்தான் வைக்க வேண்டும். அப்பா டீமில் கோல் காக்கிற கோலி அம்மா. "அவளைத் தாண்டி இந்த வீட்ல ஒரு ஸ்பூன் கூட வெளியே போனதில்ல" என்பது அவர் சொன்ன நியாயம். தடுப்பாட்டத்தில் சித்தப்பா, நடுவில் அத்தை, கோல் போடுகிற இடத்தில் "பெரியவர்" என்ற பெயரில் அவரே. இவர் டீமில் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாம் கடையில் கூட வேலை பார்ப்பவர்கள். கோலி இவர். "வர்றதை வாங்கிக்கற வேலை. எனக்கு அதான் சரி" என்றார். கோல் போடுகிற ஆள் "பட்டாசு". நான்.

எதிர் டீமின் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே மூன்று பொத்தான்கள் இருக்கும்; அமுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். எங்கள் வீட்டில் அவற்றுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்: ஒட்டு, உதை, ஒதுக்கு. ஒட்டு என்றால் நம் ஆள் ஒருவர் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டே திரிவார். உதை என்றால் பந்தைப் பறிக்கும்போது தயவுதாட்சண்யம் கிடையாது. ஒதுக்கு என்றால் அவருக்கு வராத கால் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவது.

இந்த "உதை"யால் குடும்பம் ஒரு தடவை உடையப் பார்த்தது. சித்தப்பா ஏதோ ஞாபகத்தில், அப்பா டீமின் அத்தைக்கு நேரே உதையை அமுக்கிவிட்டார். ஆட்டத்தின் நடுவில் அத்தை விழுந்தார். கால் முறிவு, மூன்று மாதம் ஓய்வு என்று திரையில் வந்தது. அதே வாரம் அசல் அத்தை குளியலறையில் வழுக்கி முழங்காலைப் பிசகிக்கொண்டார். அவ்வளவுதான். "என் காலை உடைக்கணும்னு எத்தனை நாளா காத்திருந்தான்?" என்று அத்தை போனில் ஊரைக் கூட்டிவிட்டார். சித்தப்பா ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போய், நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து பெரியவர்கள் பெயருக்கு நேரே யாரும் உதை வைப்பதில்லை. அப்பாவின் "பெரியவர்" பக்கம் கேட்கவே வேண்டாம். எல்லோரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர் பாட்டுக்கு கோலாகப் போட்டுத் தள்ளி, ஒவ்வொரு தடவையும் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். தன்னை மேதை என்று வேறு நினைத்துக்கொண்டார்.

லீக்கில் ஜெயித்தவருக்கு ஒரு உரிமை உண்டு. ஒரே ஒரு விஷயம் கேட்கலாம். வீட்டில் யாரும் மறுக்கக்கூடாது. இதுவும் அப்பா போட்ட சட்டம்தான். முதல் தடவை ஜன்னலோர நாற்காலியைக் கேட்டு வாங்கினார். அடுத்த தடவை, செய்தி ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்றார். அதற்கடுத்து, தான் ஒரு தடவை இருமினால் தேநீர் வர வேண்டும் என்று கேட்டார். "ரெண்டு தடவை இருமுங்க, மருந்து வரும்" என்று அம்மா சொல்லிவிட்டதால் அது மட்டும் அமலுக்கு வரவில்லை.

இப்போது என் விஷயம். நான் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். எங்கள் கம்பெனி வேறு ஊரில் புதுத் தொழிற்சாலை திறக்கிறது. அங்கே அந்தப் பிரிவு முழுவதையும் என்னை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ரயிலில் ஒரு பகல் பயணம். நான் கேட்காமல் வந்தது. ஆனால் எத்தனையோ நாளாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. இவரிடம் சொன்னபோது கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "கண்ணாடி போடாத ஊர் எங்க இருக்கு? நான் எங்கயும் பொழைச்சுக்குவேன், நீ ஒத்துக்கோ" என்றார். அப்பாவிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி. பூனைக்கு மணி கட்டுகிற கதை.

"நீ சொன்னா சண்டையில முடியும். நான் பக்குவமா சொல்றேன்" என்றார். சொல்லப் போனார். போனவர் அரைமணி நேரம் கழித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியைக் கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டு வந்ததைச் சொன்னார். இன்னொரு தடவை போய்விட்டு, அப்பாவின் பழைய நண்பரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தார். நாள் ஓடி, கடைசியில் திங்கட்கிழமை காலை பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையில், ஞாயிற்றுக்கிழமை மதியம் லீக்கின் கடைசி ஆட்டமும் வந்து நின்றது. அப்பாவுக்கும் இவருக்கும். இவர் ஜெயித்தால் கோப்பை இவருக்கு. சமமாக முடிந்தாலே அப்பாவுக்கு.

"ஜெயிச்சிட்டா அந்த உரிமையில கேட்டுடலாம். மாமாவால மறுக்க முடியாது" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வேலை, எங்கள் குடித்தனம், எல்லாம் பொம்மைப் பந்து ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

சாப்பாட்டு மேஜையில் இவர் லேப்டாப்பைத் திறந்தார். கூடத்தில் அப்பா தன் பெரிய கம்ப்யூட்டர் முன்னால், சரிந்த கண்ணாடியோடு, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியே திரை நேராகத் தெரிய வேண்டுமென்றால் அவர் தலை சாய வேண்டும். இவர் ஒவ்வொரு பெயராகப் பொத்தான் வைத்துக்கொண்டு வந்தார். அத்தையிடம் வந்ததும், "பட்டது போதும்" என்று எதையும் தொடாமல் தாண்டினார். பெரியவரிடம் வந்தபோது கை நின்றது.

"ஒட்டு வைங்க" என்றேன்.

"வைக்கலாம். பெரியவங்க பக்கத்துலயே நிக்கறது மரியாதைதான்."

"ஒதுக்கு."

"மாமாவை ஒதுக்கறதா?"

"இடது கால் பக்கம் ஒதுக்கறதுங்க. வீட்டை விட்டு இல்ல."

வைத்தார். நான் கையை நீட்டி உதையையும் அமுக்கினேன். அவர் எடுத்துவிட்டார். நான் மறுபடி அமுக்கினேன். மறுபடி எடுத்தார். "உதை வேணாம். ராத்திரி அவர் கூட உக்காந்து சாப்பிடணும்" என்றார்.

ஆட்டம் ஆரம்பித்தது. பெரியவரை ஒட்டி நிற்கும் பொறுப்பு, இவர் கடைக் காசாளர் பெயர் வைத்த ஆளுக்கு. அந்த ஆள் பெரியவரின் நிழலை மிதித்துக்கொண்டே திரிந்தான். கூடத்திலிருந்து அப்பாவின் குரல் ஏறியது. "எவன்டா இவன், ஜவ்வு மாதிரி! வழிய விட்றா! எதிர்ல பெரிய வண்டி வர்றது தெரியல?" இத்தனை காலத்தில் அப்பாவின் பாதையில் ஒரு ஆள் நின்றது அன்றுதான் முதல் தடவை.

பாதி ஆட்டம் முடிய இருக்கும்போது பட்டாசிடம் பந்து வந்தது. வழக்கம்போல் சித்தப்பா விலகி நிற்க, வழக்கம்போல் பட்டாசு நேராக ஓடி, அம்மாவைத் தாண்டிப் பந்தை வலைக்குள் அனுப்பினாள். அப்பா டீமுக்கு எதிராக நான் கோல் போடாத ஆட்டமே கிடையாது. இதைத் தொழிற்சாலையில் கூடச் சொல்லிப் பீற்றியிருக்கிறேன். ஒன்று, பூஜ்யம். நான் துள்ளினேன். "அடுத்தது பெட்டி கட்ட வேண்டியதுதான்" என்று இவர் காதில் சொன்னேன்.

இடைவேளை. அப்பா முகம் கழுவப் போனார். அம்மா தேநீர்க் கோப்பையை வைக்க அவர் மேஜையை ஒதுக்கிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"ஏன்டி, எல்லார் பேருக்கு நேராவும் செவப்பா புள்ளி இருக்கே. உன் பேருக்கு மட்டும் ஒண்ணுமே காணோம்?"

எழுந்து போய்ப் பார்த்தேன். காசாளருக்கு ஒட்டு, உதை, ஒதுக்கு. கடை முதலாளிக்கும் அப்படியே. பட்டாசு என்ற பெயருக்கு நேரே மூன்றும் காலி. பழைய ஆட்டங்களைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் காலி. ஒரு தடவை கூட அப்பா என்னை மறிக்கவில்லை. நான் போட்டேன் என்று நினைத்த கோல் எல்லாம், அவர் கதவைத் திறந்துவைத்த கோல்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் வெடித்தேன்.

"எனக்கு விட்டுக்கொடுத்தீங்களா? இத்தனை நாளா?"

"என்ன விட்டுக்கொடுத்தேன்?"

"என் பேர்ல ஏன் ஒண்ணுமே வைக்கல? நான் என்ன உப்புக்குச் சப்பாணியா? எனக்கு விளையாடத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொண்ணு கால்ல உதைன்னு எந்த அப்பன் பட்டனை அமுக்குவான்?" என்றார். சத்தமில்லாமல் சொன்னார்.

அப்போது மேஜைப் பக்கமிருந்து ஒரு இருமல். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். எங்கள் சாது மிரளவில்லை. லேசாக இருமிவிட்டு எழுந்து வந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நீங்க ஆட்டத்துல அவளை விட்டுடறீங்க. வீட்லதான் ஒட்டி நிக்கறீங்க. மாத்தி வெச்சா நல்லாயிருக்கும்னு எனக்குத் தோணுது."

அம்மா கையில் கோப்பை அப்படியே நின்றது. இவர் நிறுத்தவில்லை. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "அவளுக்கு வேற ஊர்ல பெரிய பொறுப்பு கொடுத்திருக்காங்க. நாளைக்குக் காலையில பதில் சொல்லணும். நாங்க போறதா முடிவு பண்ணியிருக்கோம். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

நான் இவரை வெறித்துப் பார்த்தேன். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், பாதி ஆட்டம்தான் பாக்கி, ஜெயித்துவிட்டு ராஜா மாதிரி கேட்டிருக்கலாம். இவர் என் பக்கத்தில் வந்ததும், அப்பாவுக்குக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப ஏங்க?" என்றேன். "ஜெயிச்சுட்டுக் கேட்டா அது உத்தரவாயிடும். அவருக்கு யாரும் உத்தரவு போட்டதில்ல. தாங்க மாட்டார்" என்றார். இந்த மனுஷனைத்தான் ஏழு வருஷமாகக் கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டாவது பாதி பாக்கி இருக்கு" என்றார். பிறகு அவர் மேஜையில் டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்டது. யார் பெயருக்கு என்று எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இவரும் அதைக் கேட்டார். லேப்டாப் பக்கம் குனிந்து, பெரியவர் பெயருக்கு நேரே, கண்ணை மூடிக்கொண்டு உதையை அமுக்கினார்.

அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் வீடு அதுவரை பார்த்ததில்லை. பட்டாசு பந்தைத் தொட்டால் போதும், சித்தப்பா பாய்ந்து வந்தார். அவள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் கூடத்தில் அப்பா "மெதுவாடா!" என்று தன் ஆளையே திட்டினார். அந்தப் பக்கம் காசாளர் பெரியவரைச் சாய்த்தபோது, அப்பா "ஆ" என்று தன் அசல் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இவர் இங்கிருந்தே "மன்னிச்சுக்குங்க மாமா" என்றார். ஆனால் பொத்தானை எடுக்கவில்லை. அம்மா யார் பக்கம் என்று தெரியாமல் எல்லாக் கோலுக்கும் பயந்தாள்.

கடைசி நிமிடத்தில் பெரியவர் காசாளரை ஏமாற்றித் திரும்பி, நாங்கள் ஒதுக்கியிருந்த அதே இடது காலால் பந்தை அடித்தார். கோலி "சரிங்க" பாய்ந்தார்; விரலில் பட்டு உள்ளே போனது. ஒன்று, ஒன்று. விசில். கோப்பை அப்பாவுக்கு.

அப்பா கத்தவில்லை. எழுந்து ஆடவில்லை. "கஷ்டப்பட்டுப் போட்ட கோல்" என்றார், தனக்குத்தானே. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், பழைய கோப்பைகள் ஒன்றுக்கும் நான் பார்க்காதது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு கேக்கற உரிமை இருக்கில்ல?"

ஒரே வார்த்தை போதும் அவருக்கு. 'இங்கேயே இருங்க' என்றால் யாரும் மறுக்கக்கூடாது, சட்டம் அப்படி. தோற்றது நாங்கள்தான். அம்மா, "ஏங்க..." என்று ஆரம்பித்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கையாலேயே மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மாப்பிள்ளை, போறதுக்கு முன்னாடி இதை நேராக்கிக் கொடுத்துட்டுப் போங்க."

இவர் ஓடிப்போய் மாடியிலிருந்து தன் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். பல வருஷத்து டேப்பை நகத்தால் உரித்து, கம்பியை வெந்நீரில் காட்டி, விரலால் வளைத்து, அப்பா காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்து வளைத்தார். "கொஞ்சம் நிமிருங்க மாமா." அப்பா நிமிர்ந்தார். "இந்தப் பக்கம்." திரும்பினார். கண்ணாடி இல்லாத முகத்தில் மூக்கின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது, அடக்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கும்மா பதில் சொல்லணும்?" என்றார் அப்பா. குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துக் கேட்டார். நான் அங்கே நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்ப்பா. காலையில சொல்லணும்."

"இப்பவே சொல்லிடு. கண்ணாடியப் போட்டுட்டா உன் முகம் தெரியும். தெரிஞ்சா மனசு மாறிடுவேன்."

போனை எடுத்தேன். கம்பெனி மேனேஜருக்கு அடித்த செய்தியில் பாதி எழுத்து தப்பு. திருத்தினேன். மறுபடி தப்பு. இவர் வேலை எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் இறுகிய திருகாணியை மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அனுப்பிட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மாட்டிவிட்டார். அப்பா தலையைச் சாய்க்கப் போனார்; சாய்க்க வேண்டியிருக்கவில்லை. என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, சட்டென்று திரை பக்கம் திரும்பி, முதல் பாதியை மறுபடி ஓடவிட்டார். பட்டாசு ஓடினாள், பந்து வலைக்குள் போனது.

"இப்பதான் நேராத் தெரியுது. இது ஆஃப்சைடு" என்றார். "இந்த கோல் செல்லாது."

நாங்கள் எல்லோரும் அந்தப் பழகிய பதிலுக்காகக் காத்திருந்தோம். இவர் திருப்புளிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"இல்லீங்க மாமா. கோல்தான்."